கணக்கில் சேராத குடம்

சான் லொரென்சோ ஊரில் ஹெர்மெலிந்தாவின் வாய்க்குப் பயப்படாதவர் கிடையாது. அவள் பானத்துக்கு வரிசையில் நிற்காதவரும் கிடையாது. செம்பருத்திப் பூப் பானமோ, பட்டை மணக்கும் அரிசிப்பாலோ, எதுவானாலும் தளதளவென்று கொதித்த தண்ணீரில்தான் போடுவாள். பனிக்கட்டிகூடக் கொதித்து ஆறிய தண்ணீரில் அவளே உறைய வைத்தது. அப்பேர்ப்பட்டவளின் கடையைத்தான் இழுத்து மூடச் சொல்லிவிட்டார், சந்தைத் தலைவரான கசாப்புக் கடை ஃபெர்மின். மனுஷனுக்கு மூளை என்று ஒன்று இருந்தால்தானே!

ஆகஸ்டில் புனித லொரென்சோ திருவிழாவுக்குப் பானம் போட்டவள் அவள். ஒரு மாதம் போவதற்குள் தெருவுக்கு இரண்டு பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். ரத்தமும் சளியுமாகப் போயிற்று. விழாவை எடுத்து நடத்திய எதுவிகேஸின் புருஷன் திபுர்சியோவுக்கு ஈரலில் சீழே கட்டிவிட்டது. நகரத்து ஆஸ்பத்திரியில் ஊசி குத்தி உறிஞ்சி எடுத்தார்கள்.

"அமீபா," என்றாள் சுகாதார நிலையத்துக்குப் புதிதாக வந்த டாக்டர் சுலேமா. "கண்ணுக்குத் தெரியாது. ஒருத்தர் வயித்துலேர்ந்து வெளிய வந்து, தண்ணியில கலந்து, அடுத்தவர் வயித்துக்குள்ள போயிடும். கொதிக்க வெச்சா செத்துடும். கொதிக்காத தண்ணி ஏதாவது சேர்ந்துச்சாம்மா?"

"மாதா சத்தியமா ஒரு சொட்டு கிடையாது!"

ஹெர்மெலிந்தா பொய் சொல்லவில்லை. அதுதான் வேடிக்கை.

மறுநாளே எதுவிகேஸ் வாசலில் வந்து கத்தினாள். ஹெர்மெலிந்தாவின் மகனுக்கு ஞானத்தாய் அவள். அந்த உறவில் இருவரும் ஒருவரையொருவர் 'கொமாத்ரே' என்றுதான் கூப்பிடுவார்கள், சண்டையிலும்.

"கொமாத்ரே! என் புருஷனுக்கு விஷத்தையா ஊத்திக் குடுத்தே?"

"வாயைக் கழுவுடி. அதே பானத்தைச் சந்தையில தினமும் ஊரே குடிச்சுதே. ஒருத்தனுக்காவது வயிறு வலிச்சுதா?"

"அப்ப விழாவுல மட்டும் சாத்தான் வந்து கலந்தானா?"

அவள் போய்விட்டாள். கேள்வி போகவில்லை. பாத்திரம் தேய்த்துக்கொண்டே ஹெர்மெலிந்தா திருவிழா நாளை முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தாள். சர்க்கரை போட்டது, ஆற வைத்தது, பீப்பாய்களில் நிரப்பியது, அப்புறம் வாத்தியம் முழங்க...

தேய்த்த கை நின்றது. அடக் கடவுளே, அந்தக் குடம்!

பந்திக்கு முன்னால் விழா நடத்துகிறவள் கோயிலுக்குப் பின்னால் இருக்கும் புனிதரின் கிணற்றிலிருந்து ஒரு குடம் கொண்டுவந்து, ஒவ்வொரு பீப்பாயிலும் கொஞ்சம் ஊற்றுவாள். ஊரே கைதட்டும். அதைத் தண்ணீர் என்று எவரும் நினைத்ததில்லை. அது ஆசி. இந்த வருஷமோ பேய் மழை. கோயில் கழிப்பறைக் குழி நிரம்பி வழிந்து கிணற்றுப் பக்கம்தான் ஓடியது.

நேரே டாக்டரிடம் போனாள்.

"இன்னிக்கே கிணத்தை மூடிடறேன்," என்றாள் சுலேமா.

"மூடினா உங்களைத்தான் ஊரை விட்டு மூட்டை கட்ட வைப்பாங்க. குழியை நீங்க பாருங்க, கிணத்தை நான் பாத்துக்கறேன். ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொறுங்க."

உண்மையைச் சந்தையில் போட்டு உடைத்தால் அன்றைக்கே கடை திறந்துவிடும். ஆனால் புருஷனைப் படுக்கையில் தள்ளியவள் என்ற பேர் எதுவிகேஸுக்குச் சாகும்வரை ஒட்டிக்கொள்ளும். ஹெர்மெலிந்தாவுக்குக் கடையும் வேண்டும், கொமாத்ரேயும் வேண்டும். இரண்டையும் விடப்போவதில்லை என்று முடிவு கட்டிவிட்டாள்.

ஞாயிறு பூசை முடிந்து ஊர் வெளியே வந்தபோது, கோயில் வாசலில் அவளுடைய பெரிய அண்டா அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது. புனிதரின் கிணற்றிலிருந்து இறைத்த குடத்தை எதுவிகேஸின் கையில் கொடுத்தாள்.

"செப்டம்பர் பதினாறு, நம்ம சுதந்திர நாள் வருது, கொமாத்ரே. பானம் போடறேன். ஆசியை நீதான் ஊத்தணும். இந்தத் தடவை முதல்லயே ஊத்திடு, கொதிக்கறப்பவே."

"ஆசியைக் கொதிக்க வைக்கறதா? அடுக்குமா இது?" என்று குதித்தார் ஃபெர்மின்.

ஹெர்மெலிந்தா இடுப்பில் கை வைத்தாள். "நம்ம லொரென்சோ யாருய்யா? இரும்புக் கம்பி மேல போட்டு வாட்டினப்போ, 'இந்தப் பக்கம் வெந்துடுச்சு, திருப்பிப் போடு'ன்னு சொன்னவரு! அப்பேர்ப்பட்டவரோட ஆசி ஒரு அண்டா வெந்நீருக்குப் பயந்து ஓடிடுமா?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சிரிப்பு வாசல் முழுக்கப் பரவியது. ஃபெர்மினே மீசைக்குள் சிரித்துவிட்டார்.

எதுவிகேஸ் சிரிக்கவில்லை. குடத்தைப் பார்த்தாள், பெஞ்சில் மஞ்சள் பூத்துப்போய் உட்கார்ந்திருந்த புருஷனைப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்தது.

"கொமாத்ரே... அன்னிக்கு நான்..."

"ஊத்துடி. கை வலிக்கப்போகுது," என்றாள் ஹெர்மெலிந்தா, அவளுக்கு மட்டும் கேட்கும்படி.

எதுவிகேஸ் ஊற்றினாள். கொதி அடங்கியது. அவள் காலிக் குடத்தைக் கீழே வைத்துவிட்டுக் கூட்டத்தின் பக்கம் திரும்பினாள்.

"விழாவுல பச்சைத் தண்ணியை ஊத்தினது நான்தான்," என்றாள், கடைசி வரிசைக்கும் கேட்க. "இவ கடையை நாளைக்கே திறந்து விடுங்க."

பிறகு பாவாடையை ஒதுக்கிக்கொண்டு அடுப்பின் முன்னால் குந்தினாள்.

"தீ பத்தலை, கொமாத்ரே. விறகு எடு."