மாஸ்டரின் வீங்கிய கன்னமும் நான்காவது வளைவும்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் எழுத உட்கார்ந்தது இந்தக் கதையை அல்ல. மனைவியைப் பிரிந்த ஒருவரின் தனிமையைப் பற்றி, படிப்பவர் நெஞ்சு கனக்கும்படி ஒன்றை எழுதிக்கொண்டிருந்தேன். "அவர் சன்னலருகே நின்றார். வெளியே" என்பது வரை வந்துவிட்டது. வெளியே என்ன இருக்கும் என்று பார்க்க நானும் என் சன்னலருகே போனேன்.

எதிர்வீட்டுப் பால்கனியில் பல் டாக்டரம்மா தலைக்கவசம் மாட்டிக்கொண்டு, பழைய சோபாவின் கைப்பிடிமேல் இருபுறமும் கால் போட்டு உட்கார்ந்து, இடதுபக்கமாகச் சரிந்துகொண்டிருந்தார். அவர் கணவர் பின்னால் நின்று தோளைப் பிடித்திருந்தார்.

"இன்னும் சாயணுமா?"

"சாயணும். விட்டுடாதீங்க."

அந்தத் தனிமைக்காரர் இன்னும் சன்னலருகேதான் நிற்கிறார். நிற்கட்டும்.

2

தொடக்கம் ஒன்று எழுதிப் பார்த்தேன். "வேகம் என்பது ஒரு தத்துவம்; வளைவு என்பது அதன்" — அதன் என்ன என்று எனக்கே தெரியவில்லை. விட்டுவிட்டு நடந்ததைச் சொல்கிறேன்.

டாக்டரம்மா நாற்பத்தாறு வயதில் சிவப்பு ஸ்போர்ட்ஸ் பைக் ஒன்று வாங்கினார். நேர்ச்சாலையில் குறையொன்றுமில்லை. வளைவு வந்தால்தான் உடம்பு மரக்கட்டையாகிவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கணவர் பின்னால் உட்கார்ந்திருக்க, மலைச்சாலை திரும்பிய இடத்தில் அவர் திரும்பவில்லை. நேராகப் போய் ஒரு முட்டைக்கோஸ் தோட்டத்தில் இறங்கினார். இருவருக்கும் அடியில்லை. முட்டைக்கோசுக்குத்தான்.

கணவர் லிஃப்ட் மெக்கானிக். (முதல் பிரதியில் வக்கீலாக்கியிருந்தேன். பேச்சை நிறுத்தவே மாட்டேன் என்றார்; வேலையை மாற்றிவிட்டேன்.) சட்டையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டே சொன்னார்:

"மேல போறது, கீழ வர்றது, ரெண்டும் எனக்குப் பழக்கம். இந்தப் பக்கவாட்டு சமாச்சாரம் ஒத்து வராது. நீ எங்கயாவது போய் ஒழுங்கா கத்துக்கோ. கத்துக்கிட்டேன்னு நீ சொல்லாத, விஷயம் தெரிஞ்சவங்க சொல்லட்டும். அப்ப ஏறுறேன்."

ஆறு ஞாயிறுகள் டாக்டரம்மா தனியாகப் போனார். பின்னிருக்கையில் ஆளில்லாத வண்டி லேசாகத்தான் இருக்க வேண்டும். அவருக்கு அது கனத்தது. (இது அந்தத் தனிமைக்காரருக்காக எழுதி வைத்த வரி. வீணாக்க மனமில்லை.)

ஏழாவது வாரம், பைக் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளி ஒன்றில் இரண்டு நாள் வகுப்புக்குப் பெயர் கொடுத்தார். நான் பார்த்த சோபா ஒத்திகை அதற்குத்தான்.

3

கதிரவன் தன் பொற்கரங்களால் ஓடுதளத்தை

காலை எட்டு மணி.

பள்ளியின் மாஸ்டர் பழைய பந்தயக்காரர். நடக்கும்போதுகூட கொஞ்சம் சாய்ந்தே நடப்பார்.

"தொடையால டேங்கை இறுக்கிப் பிடிங்க. கையை லூசா விடுங்க. முக்கியமா, எங்க பாக்குறீங்களோ வண்டி அங்கதான் போகும். குழியைப் பாத்தா குழிக்குப் போகும். வளைவு எங்க முடியுதோ அங்க பாருங்க."

சொல்லிவிட்டு ஓடுதளத்தின் நான்காவது வளைவில், வெளியோரம் போய் நின்றார். அவருடைய வலது கன்னம் எலுமிச்சம்பழ அளவுக்கு வீங்கியிருந்தது.

இருபத்திரண்டு வருடமாகப் பல் பார்ப்பவர் எதைப் பார்ப்பார்? கீழ்க்கடைவாய், வலதுபக்கம், சீழ் வைத்திருக்கிறது என்று அறுபது கிலோமீட்டர் வேகத்தில் கண்டுபிடித்துவிட்டார். வண்டி கன்னத்தை நோக்கிப் போனது.

முதல் தடவை மாஸ்டர் துள்ளி விலகினார். இரண்டாம் தடவை டயர் அடுக்கின்மேல் ஏறிக்கொண்டார். மூன்றாம் தடவை அவர் புல்வெளியில் ஓட, வண்டி பின்னாலேயே வந்தது.

"எங்கம்மா பாக்குறீங்க?" என்று மூச்சிரைத்தார்.

"உங்க கன்னத்தை. எத்தனை நாளா வீக்கம்?"

"மூணு வாரமா... அது கிடக்கட்டும், வளைவைப் பாருங்கம்மா!"

"அந்தப் பல்லை எடுத்துடணும்."

"ஊசி போடுவீங்களா?"

"போடாம எப்படி?"

மாஸ்டர் இரண்டடி பின்வாங்கினார். பந்தயத்தில் முழங்கால் தரையில் உரச, இருநூறு கிலோமீட்டர் வேகத்தில் வளைவு திரும்பிய மனிதர்.*

"நாளைக்கும் இப்படின்னா உங்களை உள்ள விடமாட்டேன்," என்றார்.

* பயந்தாங்கொள்ளி வீரன் பழைய சரக்கு என்கிறாள் என் மனைவி. அவளுக்குப் பல்வலி வந்ததில்லை.

4

மறுநாள் மாஸ்டர் கறுப்புக் கண்ணாடி இறக்கிய தலைக்கவசத்தோடு வந்தார். அதைக் கழற்றவேயில்லை.

பார்க்கக் கன்னம் இல்லாததால் டாக்டரம்மா வளைவின் முடிவைப் பார்த்தார். வண்டி தானாகச் சாய்ந்தது, தானாக நிமிர்ந்தது. நான்காவது வளைவு கழிந்ததே அவருக்குத் தெரியவில்லை. தெரிந்ததும் தலைக்கவசத்துக்குள் "ஆஹா!" என்று கத்தினார். அடுத்த சுற்றிலும் கத்தினார். பதினொரு சுற்று கத்தினார்.

பன்னிரண்டாவது சுற்றில் மாஸ்டர் தரையில் உட்கார்ந்திருந்தார். தலைக்கவசம் கன்னத்தை நசுக்கியதில் வலி உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. டாக்டரம்மா பதறாமல் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, அவர் காலுக்கு ஒரு சாண் முன்னால் நேராக நிறுத்தினார்.

"நல்ல பிரேக்," என்றார் மாஸ்டர், கண்ணில் நீரோடு.

"ஏறுங்க."

[இந்த இடத்தில் ஆம்புலன்ஸ் வருவதாக ஒரு முடிவு இருந்தது. பொறுப்பான முடிவு. படித்துப் பார்த்தேன், கொட்டாவி வந்தது.]

பள்ளியிலிருந்து டாக்டரம்மாவின் கிளினிக்குக்கு ஒன்பது வளைவு. கன்னம் இப்போது முதுகுக்குப் பின்னால், கண்ணில் படாது. முதல் வளைவில் மாஸ்டர் "ஐயோ மெதுவா" என்றார். மூன்றாவதில் "கையை லூசா" என்றார். ஆறாவதுக்குப் பிறகு சத்தமே இல்லை. மயங்கிவிட்டாரோ என்று பயந்தார் டாக்டரம்மா. இல்லை, அவரோடு சேர்ந்து சாய்ந்துகொண்டிருந்தார்.

ஊசி போடும்போது மாஸ்டர் போட்ட சத்தத்தை எழுத எழுத்துகள் போதாது. பல் வந்துவிட்டது.

5

கிளினிக் நர்ஸ் நல்லெண்ணத்தோடு டாக்டரம்மாவின் கணவருக்கு போன் செய்திருந்தார்: "அம்மா ஒருத்தரை வண்டியில தூக்கிட்டு வந்திருக்காங்க சார். வாயெல்லாம் ரத்தம்."

லிஃப்ட் மெக்கானிக் படியேறி ஓடி வந்தார்.

"விழுந்துட்டியா? யார் மேலயாவது ஏத்திட்டியா?"

"பல்லைத்தான் எடுத்தேன். இவர்தான் எங்க மாஸ்டர். ஒம்பது வளைவு, பின்னால உக்கார வச்சு ஓட்டிட்டு வந்தேன்."

கணவர் நாற்காலியில் கிடந்தவரைப் பார்த்தார். விஷயம் தெரிந்தவர்.

"நீங்களே சொல்லுங்க சார். இவ பின்னால நான் ஏறலாமா?"

மாஸ்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பாதி முகம் மரத்திருந்தது. பல் இருந்த இடத்தில் பஞ்சு. முகத்தை மிகத் தீவிரமாக வைத்துக்கொண்டு சொன்னார்:

"ஏ... அவ்... வ்வாம்."

ஏறலாம் என்றாரா, ஏற வேணாம் என்றாரா? இரண்டையும் உரக்கச் சொல்லிப் பார்த்தேன், வாயில் பஞ்சு வைத்தும் பார்த்தேன். பயனில்லை. பஞ்சை எடுக்க இன்னும் அரைமணி நேரமாகும்.

ஆனால் பஞ்சு வைத்த வாய் பேசுவதைப் புரிந்துகொள்வதையே பிழைப்பாகக் கொண்டவர் அந்த அறையில் ஒருவர் இருந்தார். கணவர் அவர் பக்கம் திரும்பினார்.

"என்ன சொல்றாரு?"

டாக்டரம்மா பொய் சொல்லாதவர். நோயாளியிடம் "வலிக்கவே வலிக்காது" என்பதைத் தவிர, வாழ்க்கையில் ஒரு பொய் சொன்னதில்லை. கையுறையை நிதானமாகக் கழற்றினார். கணவரைப் பார்த்தார். வேறெங்கும் பார்க்கவில்லை.

அவர் சொன்னதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால், எழுதும்போது கையை மட்டும் கொஞ்சம் லூசா