சகலை படத்துக்கு மேலே ஓர் ஆணி

திருச்சுழி திருமேனிநாதர் கோயில் வாசலில் சூடத்தைக் கொளுத்தி, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்துச் சத்தியம் செய்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். இதில் ஒரு சொல் பொய்யாக இருந்தாலும் என் நாலு ஏக்கர் பருத்தியையும் காய்ப்புழு தின்றுவிட்டுப் போகட்டும். பரளச்சியில் ராமசுப்பு என்று விசாரித்தால் என்னைப் பற்றி வேறு மாதிரி சொல்வார்கள். அதை நம்ப வேண்டாம். அவர்களில் எவரும் சூடம் அடிக்கவில்லை.

விஷயம் ஓர் ஆணியைப் பற்றியது.

மல்லாங்கிணற்றில் என் மாமனார் சௌந்தரபாண்டியன் வீட்டில், நிலையைத் தாண்டிக் காலை வைத்ததும் எதிரே ஒரு சுவர். அதன் நட்டநடுவில் ஓர் ஆணி. முப்பத்தெட்டு வருஷமாக அந்த ஆணியில் தொங்கியது எனக்கும் முருகலட்சுமிக்கும் கல்யாணத்தன்று எடுத்த படம். வீட்டுக்குள் வருகிற எவர் கண்ணும் முதலில் என் மீசையில்தான் விழும். அவள் தங்கை ப்ரியாவும் ப்ரியாவின் வீட்டுக்காரர் நவநீதகிருஷ்ணனும் இருக்கிற படம் பக்கத்துச் சுவரில், ஜன்னலை ஒட்டித் தொங்கியது. மூத்த மாப்பிள்ளைக்கு நடுச்சுவர், இளையவருக்கு ஜன்னல். அதில் யாருக்கும் குறை இருந்ததில்லை. எனக்கு இருந்ததில்லை.

இரண்டு வருஷத்துக்கு முந்தின பொங்கலுக்குப் போனபோது நடுச்சுவரில் என் மீசை இல்லை. நாலடிக்கு மூன்றடியில் ஒரு பனிமலை இருந்தது. மலை முன்னால் சகலை நவநீதகிருஷ்ணன், சிவப்பு ரோமக் கோட்டும் கறுப்புக் கண்ணாடியுமாக. பக்கத்தில் ப்ரியா பனியை அள்ளி ஆகாசத்தில் வீசிக்கொண்டிருந்தாள். எங்கள் கல்யாணப் படம் அடுப்படியில், கேஸ் சிலிண்டருக்கு மேலே, தாளிப்புப் புகையில் கண் கலங்கித் தொங்கியது.

சகலை அருப்புக்கோட்டையில் உரக்கடை வைத்திருக்கிறார். பூச்சிமருந்துக் கம்பெனிக்காரர்கள், வருஷத்தில் அதிகச் சரக்கு ஓட்டின கடைக்காரர்களை மணாலிக்குக் கூட்டிப் போயிருக்கிறார்கள். அவர் கடையில் அதிக மருந்து வாங்கினது யார்? நான். என் பருத்தியில் செத்த ஒவ்வொரு புழுவும் அவரை ஒரு படி மேலே தூக்கி, கடைசியில் பனிமலை உச்சியில் கொண்டுபோய் நிறுத்திவிட்டது.

“தனியாப் போட்டோகிராபர் பேசி எடுத்தது சகல. பிரைவேட்டு. ரெண்டு மணி நேரம் அந்த மலையே நமக்குத்தான்” என்றார்.

நான் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தை அங்குலம் அங்குலமாகப் பார்த்தேன். வலது ஓரத்தில், சட்டத்தை ஒட்டி, நீல ஸ்வெட்டர் போட்ட ஒரு முழங்கை தெரிந்தது. பிரைவேட்டு என்றால் முழங்கை எப்படி வந்தது என்று எல்லார் காதிலும் விழும்படி கேட்டேன். அது பாறை என்றார் சகலை. மாமனாரும் எழுந்து வந்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்து, பாறைதான் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். கைக்கடிகாரம் கட்டிய பாறையை நான் அன்றுதான் பார்த்தேன்.

அன்றைக்கு என்னால் பொங்கல் சாப்பிட முடியவில்லை. ஊருக்குத் திரும்பியதும் உடம்பில் சூடு ஏறிவிட்டது. டாக்டர் பார்த்துவிட்டுக் காய்ச்சல் இல்லை என்றார். காய்ச்சல் இல்லைதான், சூடு இருந்தது. முருகலட்சுமி ஈரத்துண்டைப் பிழிந்து என் வயிற்றின் மேல் விரித்தாள். இரண்டு நிமிஷத்தில் துண்டு காய்ந்து, இஸ்திரி போட்ட மாதிரி மொடமொடவென்று ஆகிவிட்டது. அதைப் பார்த்துவிட்டு அவள் உள்ளே போய்த் துவைத்த சேலை இரண்டையும் எடுத்துவந்தாள். அந்த மாசம் எங்கள் வீட்டில் யாரும் கொடியில் துணி காயப்போடவில்லை.

பதினோரு நாள் அவள் அந்தப் படத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பன்னிரண்டாம் நாள் என் வயிற்றிலிருந்து ஒரு பாவாடையை எடுத்து மடித்துக்கொண்டே கேட்டாள்.

“ஏங்க, முழங்கை இல்லாம ஒரு படம் எடுக்க முடியுமா?”

அக்காளுக்கும் தங்கச்சி மேல் அதே சூடு இருந்திருக்கிறது. அவள் பெண்பிள்ளை, அடக்கி வைத்திருந்தாள்.

எங்கள் மகள் சுகப்பிரியா கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள். அவளிடம் பொறுப்பை விட்டோம். அவள் போனிலேயே மணாலிப் போட்டோகிராபர்களை எல்லாம் வரிசையாகப் பிடித்துவிட்டாள். பனி நன்றாக விழுகிற டிசம்பர் கடைசி வாரத்தில் எல்லாரும் லீவுக்கு வந்துவிடுவதால் ஒருத்தரிடமும் நேரம் இல்லை. ஒரே ஒருவரிடம் ஒரு காலை மட்டும், ஏழிலிருந்து ஒன்பது வரை, காலியாக இருந்தது. அதிலும் ஒரு சிக்கல்.

“அப்பா, அது கல்யாணத்துக்கு முன்னாடி மாப்பிள்ளையும் பொண்ணும் எடுத்துக்கிற செட்டு. போட்டுறவா?”

“முழங்கை வராதுல்ல?”

“வராதுப்பா.”

“அப்பப் போடு.”

என் நிபந்தனையை அவள் வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பினாள்: படம் எடுக்கும் இடத்தில் எட்டுத் திசையிலும் கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஆள், குதிரை, எருமை, முழங்கை எதுவும் தென்படக் கூடாது. அந்தப் பக்கமிருந்து ஒரு கட்டைவிரல் பதிலாக வந்தது. அதை நான் பிரிண்டு போட்டு, பத்திரம் வைக்கிற பெட்டியில் வைத்திருக்கிறேன்.

டிசம்பரில் பருத்திக்குக் களையெடுப்பை முடித்த கையோடு கிளம்பினோம். மதுரையில் ரயிலேறி டெல்லி, டெல்லியில் பஸ்ஸேறி மணாலி. வழியெல்லாம் ஒரு பிளாஸ்டிக் பையை மடியிலேயே வைத்திருந்தேன். அதில் கஞ்சி போட்டுத் தேய்த்த வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சட்டையும் இருந்தன. எங்கள் பக்கம் சுவரில் மாட்டுகிற படத்துக்கு ஆம்பளை நின்றால் வெள்ளையும் சொள்ளையுமாகத்தான் நிற்பான். கல்யாணமானாலும் சரி, வார்டு எலெக்‌ஷனானாலும் சரி. கலர்ச் சட்டையெல்லாம் ஆதார் கார்டோடு நின்றுவிடும்.

போட்டோகிராபர் பெயர் டீக்கம் ராம். நம் ஊர்ப் புதுமாப்பிள்ளைகளை எடுத்து எடுத்துத் தமிழ் கற்றுக்கொண்டவர். மொத்தம் பன்னிரண்டு வாக்கியம் தெரியும், பன்னிரண்டும் உத்தரவு. எங்களைப் பார்த்ததும் மாப்பிள்ளையும் பெண்ணும் எங்கே என்று கையால் கேட்டார். நாங்கள்தான் என்று நானும் கையால் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கேமராவைத் துடைத்துக்கொண்டு, “அக்கா பக்கத்துல வாங்க” என்றார்.

முருகலட்சுமி அரக்குச் சிவப்புப் பட்டு கட்டியிருந்தாள். உள்ளே இரண்டு ஸ்வெட்டர், காலில் வாடகைக்கு எடுத்த ரப்பர் பூட்ஸ். எனக்கும் கோட்டு, பூட்ஸ் எல்லாம் நீட்டினார்கள். கோட்டைப் போட்டால் சட்டை தெரியாது; பூட்ஸைப் போட்டால் வேட்டிக்கு மரியாதை இல்லை. வேண்டாம் என்றுவிட்டு வெறுங்காலோடு பனியில் இறங்கினேன்.

டீக்கம் ராம் வாக்குத் தவறவில்லை. எட்டுத் திசையிலும் ஒரு முழங்கை கிடையாது. வெள்ளை மலை, வெள்ளைத் தரை, வெள்ளை ஆகாசம். நான் நெஞ்சை நிமிர்த்தி நின்றேன்.

முதல் படம் எடுக்கும்போதே எனக்கு நடுச்சுவர் ஞாபகம் வந்தது. உடனே கணுக்கால்வரை இறங்கினேன். சிலிண்டருக்கு மேலே புகையில் தொங்குகிற என் மீசையை நினைத்தேன்; முழங்கால்வரை இறங்கினேன். என்னைச் சுற்றிப் பனி சளசளவென்று உருகியது. டீக்கம் ராம், “சார், மேல வாங்க” என்றார். அது அந்தப் பன்னிரண்டில் ஒன்று. ஆனால் மேலே வருகிற காரியம் என் கையில் இல்லை. என்னிடமிருந்து ஆவி பறப்பதைப் பார்த்துவிட்டு, மலைக்கு அப்பாலிருந்து ஒரு குடும்பம் கை காய வந்தது. இது பிரைவேட்டு என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன். கடைசிப் படத்துக்கு “சிரிங்க சார்” என்றார். அந்த நேரம் பார்த்துக் கடிகாரம் கட்டிய பாறை ஞாபகத்துக்கு வந்துவிட்டது. இடுப்பளவு இறங்கிவிட்டேன். முருகலட்சுமி மட்டும் மேலே, தேர் மாதிரி அசையாமல் நின்றாள்.

இருபது நாள் கழித்துப் பெட்டியில் படம் வந்தது. பிரித்தோம். முருகலட்சுமி தலையிலிருந்து பூட்ஸ்வரை பளிச்சென்று இருந்தாள். அவள் முழங்கைக்குப் பக்கத்தில் ஒரு தலை இருந்தது. என் தலைதான். மீசை, மூக்குக்கண்ணாடி, திருநீறு எல்லாம் சரியாக இருந்தன. கழுத்துக்குக் கீழே பனி. வெள்ளைச் சட்டை எங்கே முடிகிறது, இமயமலை எங்கே ஆரம்பிக்கிறது என்று சுகப்பிரியா போனில் பெரிதாக்கிப் பார்த்தும் தெரியவில்லை. டீக்கம் ராமைக் கூப்பிட்டேன். “சூப்பர் சார்” என்றார். அதுவும் அந்தப் பன்னிரண்டில் ஒன்று.

எடுத்த படத்தை மாட்டாமல் விட முடியுமா? பெட்ஷீட்டில் சுற்றி மல்லாங்கிணற்றுக்குக் கொண்டுபோனோம். நம் நேரம், சகலையும் ப்ரியாவும் அங்கே இருந்தார்கள். பெட்ஷீட்டை உருவினேன். சகலைதான் முதலில் வாயைத் திறந்தார்.

“சகல, உடம்பை எங்க விட்டுட்டு வந்தீக?”

ப்ரியா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். முருகலட்சுமி என்னைப் பார்க்கவில்லை. அந்தப் படமும் சிலிண்டருக்கு மேலேதான் போகப்போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. என் காலுக்குக் கீழே சிமெண்டுத் தரை சுட ஆரம்பித்தது.

மாமனார் மட்டும் சிரிக்கவில்லை. படத்தைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு அண்ணாந்து சுவரின் உச்சியைப் பார்த்தார். நடுச்சுவரில், உத்தரத்துக்குச் சற்றுக் கீழே, நாலு பழைய படங்கள் வரிசையாக இருக்கின்றன. அவருடைய அப்பா, தாத்தா, தாத்தாவின் அண்ணன் தம்பிகள். உயிரோடு இருக்கும்போது யாரும் படம் எடுத்துக்கொள்ளவில்லை. ஆளைப் பார்த்தவர்கள் அடையாளம் சொல்லச் சொல்லக் கேட்டு அருப்புக்கோட்டையில் ஒருவர் வரைந்து கொடுத்தது. முகம்தான் எல்லாருக்கும் ஞாபகம் இருந்தது. அதனால் நாலும் வெறும் தலைகள்.

“நம்ம வீட்டுல தலை மட்டும் இருக்கிற படம்னா அது மேல் வரிசைக்குப் போகணும்” என்றார் மாமனார். “மாப்பிள்ளையா இருந்தாலும் வழக்கம் வழக்கந்தான்.”

மாமியார் தங்கலட்சுமிக்கு மனசு கேட்கவில்லை. மேல் வரிசையில் இருக்கிறவர்கள் ஒருத்தரும் உசுரோடு இல்லையே என்று மெல்லச் சொன்னார். செத்தவுக அதுக்கு என்ன செய்வாக என்று கேட்டுவிட்டு மாமனார் ஸ்டூலில் ஏறி ஆணி அடித்தார். சகலையின் பனிமலைக்கு நேர் மேலே, தாத்தாவுக்குப் பக்கத்தில். முருகலட்சுமி என் காதோரம் வந்து, “மேல் வரிசைங்க. வாயைத் திறந்து கெடுத்துறாதீக” என்றாள். நான் ஏன் திறக்கிறேன்.

அந்த வீட்டில் வெள்ளிக்கிழமைதோறும் மேல் வரிசைக்கு மல்லிகைப்பூச் சாத்துவது உண்டு. நாலு படத்துக்குப் போட்டுவிட்டு ஒன்றை மட்டும் மொட்டையாக விட மாமியாருக்கு மனசு வரவில்லை. எனக்கும் விழுந்தது ஒரு முழம். காரியாபட்டியிலிருந்து வந்த சொந்தக்காரர் ஒருவர் படத்தையும் பூவையும் பார்த்துவிட்டு, முருகலட்சுமியின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் ஆறுதல் சொன்னார். அவருக்குக் காபி கொண்டுபோய்க் கொடுத்தது நான்தான். சர்க்கரை போதுமா என்று கேட்டேன், போதும் என்றார்.

சகலை மூன்று வெள்ளிக்கிழமை பொறுத்தார். பூ மேலே, அதன் வாசம் மட்டும் கீழே அவர் கோட்டின் மேல் இறங்கியது. நாலாவது வெள்ளிக்கிழமை, எல்லாரும் இருக்கும்போதே கேட்டுவிட்டார்.

“மாமா, எனக்கு எப்ப மேல் வரிசை?”

“அவசரப்படாதீங்க மாப்ள” என்றார் மாமனார்.

அன்றிலிருந்து சகலைக்குச் சோறு இறங்கவில்லை என்று ப்ரியா சொல்லி அழுதாளாம். கடைக்கல்லாவில் உட்கார்ந்திருக்கும்போது அவர் பக்கத்தில் வைத்த டீ ஆறுவதே இல்லையாம். எனக்கோ உடம்பு குளிர்ந்துவிட்டது. எங்கள் வீட்டில் துணியெல்லாம் பழையபடி கொடியில் காய்கிறது. போன வாரம் அவர் சுகப்பிரியாவுக்குப் போன் போட்டு, இந்த டிசம்பருக்கு அதே போட்டோகிராபர், அதே காலை ஏழு மணி கிடைக்குமா என்று விசாரித்திருக்கிறார். அப்பா நின்ற குழி இன்னும் இருக்கிறதா என்றும் கேட்கச் சொன்னாராம்.

சொல்ல விட்டுப்போனது ஒன்று. முருகலட்சுமி அவள் வீட்டுக்கு ஒரே பிள்ளை. கூடப்பிறந்தவர் யாரும் கிடையாது; எனக்குச் சகலை என்றும் ஒருவர் கிடையாது.