சாம்பார்ப் போசியின் மூடி

கந்தவேல் பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்து வீடு திரும்பியதும், பெருமாநல்லூர் வட்டாரத்தில் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் விற்கிற கடைகளுக்கு நல்ல காலம் பிறந்தது. பங்காளிகள், மாமன் மச்சான்கள், அவன் பனியன் யூனிட்டுக்குத் துணி கொடுத்தவர்கள், துணி கொடுப்பதாகச் சொல்லி ஏமாற்றியவர்கள் என்று ஒருவர் பாக்கியில்லாமல் வந்து பார்த்தார்கள். கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து, அவனுடைய வலது கையை இழவு வீட்டில் பார்க்கிற பார்வை பார்த்து, உச்சுக்கொட்டி, காபி குடித்துவிட்டுக் கிளம்பினார்கள். கை ஒன்றும் செத்துப் போகவில்லை, சொன்ன பேச்சைக் கேட்காமல் கிடந்தது, அவ்வளவுதான். அதை ஒவ்வொருவருக்கும் விளக்கிச் சொல்ல அவன் மனைவி முத்தாயிக்கு நேரமில்லை. காபி போடவே நேரம் சரியாக இருந்தது.

புருஷன் பெண்டாட்டி இருவருமாகப் பக்கத்துத் தெருவில் ஒரு சின்ன பனியன் யூனிட் நடத்தினார்கள். கட்டிங் மேஜை கந்தவேலுடையது, செக்கிங் மேஜை முத்தாயியுடையது. செக்கிங் மேஜையில் முத்தாயிக்கு இரக்கம் என்ற ஒன்றே கிடையாது. ஒரு தையல் விட்டிருந்தாலும் பனியனைத் தைத்தவன் முன்னாலேயே கொண்டுபோய்ப் போடுவாள். அவள் பனியனை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாலே டெய்லர்கள் மிஷினை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்ப்பார்கள். அப்பேர்ப்பட்டவள் வீட்டுக்குள் கால் வைத்ததும் வெண்ணெயாகிவிடுவாள். புருஷனுக்குச் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டாள், தலை சீவிவிட்டாள், சோற்றைப் பிசைந்து ஊட்டினாள்.

அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டவள் ரோஸ்மேரி. ஆஸ்பத்திரிக்காரர்கள் சொல்லி, வீட்டுக்கே வந்து உடற்பயிற்சி கொடுக்கிற பிசியோதெரபிஸ்ட். தெற்கே நாசரேத் பக்கமிருந்து பனியன் கம்பெனி வேலைக்கு வந்த குடும்பத்துப் பெண். ஊர் மாறினாலும் அவர்கள் வீட்டில் பேச்சு மாறவில்லை.

"யக்கா, பொத்தான நீங்க போட்டு விடுதீய, சோத்த நீங்க ஊட்டி விடுதீய. பெறவு அந்தக் கைக்கு என்ன வேல இருக்கு? இந்தக் கொஞ்ச மாசந்தான் கை திரும்புத காலம். இப்ப விட்டுட்டா அப்புறம் நீங்க அழுதாலும் வராது, பாத்துக்கிடுங்க."

"அப்ப நானு என்னங்க பண்றது?"

"ஒண்ணுமே பண்ணாதீங்க. எதுத்தாப்புல உக்காந்து சும்மா பாருங்க."

முத்தாயி பிறந்ததிலிருந்து செய்யாத ஒரே வேலை அதுதான்.

கந்தவேலின் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. திருப்பூரில் யாரும் முழு பனியனை ஓரிடத்தில் செய்வதில்லை. நூலைத் துணியாக ஓட்டுவது ஓரிடம், சாயம் போடுவது வேறிடம், பிரிண்டிங் இன்னோரிடம். எல்லாம் ஜாப் ஒர்க், வெளியே கூலிக்குக் கொடுத்து வாங்குவது. காலமெல்லாம் அப்படியே பழகியவன், வலது கை மக்கர் பண்ணியதும் அதன் வேலையில் பாதியை இடது கைக்கும் மீதியை முத்தாயிக்கும் ஜாப் ஒர்க் விட்டுவிட்டான். ரோஸ்மேரி முன்னால் நல்ல பிள்ளையாகக் கையைத் தூக்குவான். அவள் ஸ்கூட்டி தெரு முனை திரும்பியதும் கை மடிக்குத் திரும்பிவிடும்.

முத்தாயி மனதைக் கல்லாக்கிக்கொண்டு ஊட்டுவதை நிறுத்தினாள். தட்டை வைத்துவிட்டு எதிரில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். கந்தவேல் முறைத்தான், முனகினான், பிறகு வலது கையைச் சோற்றுக்குள் இழுத்துவிட்டான். பாதிச் சோறு வாய்க்கும் பாதி லுங்கிக்கும் போனது. ஆனாலும் விரல்கள் லேசாக மடங்க ஆரம்பித்திருந்தன. சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் மூலனூரிலிருந்து ஒரு மூட்டை முருங்கைக்காயோடு வந்து இறங்கினாள் மயிலாள்.

மயிலாள் கந்தவேலின் கூடப்பிறந்த அக்கா, முத்தாயிக்கு நங்கையா. வாசலில் நின்று அவள் கண்டது இதுதான்: தம்பி மேலெல்லாம் சோற்றோடு உட்கார்ந்திருக்கிறான், தம்பி பெண்டாட்டி அதை வேடிக்கை பார்க்கிறாள்.

"அட என்ற சாமி! கையி வெளங்காதவன் சோத்த எறச்சுட்டு உக்காந்திருக்கறான், கட்டுனவ கைய கட்டிட்டுப் பாத்துட்டு இருக்கறா. இந்தக் கூத்த எங்காச்சும் கண்டதுண்டா?"

"இல்லீங்க நங்கையா, ரோஸ்மேரி டாக்டரம்மாதானுங்க..."

மயிலாள் அதற்குள் தட்டைக் கையில் எடுத்துவிட்டாள். கந்தவேல் உடனே வாயைத் திறந்தான். வாயில் அவனுக்கு எந்தக் குறையும் இல்லை.

அன்று சாயங்காலமே பொங்கலூரிலிருந்து ஒரு சித்தி போன் செய்து, "ஏங்கண்ணு, ஊட்டுக்காரனுக்குச் சோறு போடறதில்லையாமா?" என்று அன்பாக விசாரித்தாள். மறுநாள் வந்த உறவுக்காரர்கள் வலது கையை விட்டுவிட்டு முத்தாயியின் முகத்தையே பார்த்தார்கள். நாத்தனாரை எதிர்த்துப் பேசுகிற வழக்கம் அந்தக் குடும்பத்தில் இல்லை. மயிலாள் மூன்று வேளையும் ஊட்டினாள், மடங்கத் தொடங்கிய விரல்கள் மறுபடி விறைத்தன. முத்தாயி யூனிட்டில் துணி ரோல்களுக்குப் பின்னால் போய் நின்று அழுதாள். கெட்ட பேர் வந்ததற்கு அழவில்லை. இந்த மனுஷன் இனி கத்தரிக்கோல் பிடிக்காமல் ஆயுசு முழுக்க வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருப்பானோ என்ற பயத்தில் அழுதாள். அவன் அதில் சந்தோஷமாகவே இருந்துவிடுவானோ என்பது அதைவிடப் பெரிய பயமாக இருந்தது.

முகத்தைக் கழுவிக்கொண்டு வீட்டுக்கு வந்தவள், "நங்கையா, ஷிப்மெண்ட் அவசரமுங்க. ஆள் பத்தலீங்க. சாயங்காலம் வரைக்கும் வந்து பிசிறு வெட்டித் தாறீங்களா?" என்று கேட்டாள்.

இது பொய்யில்லை. திருப்பூரில் ஷிப்மெண்ட் அவசரமில்லாத நாள் என்று ஒன்று கிடையாது. வேலை என்று கூப்பிட்டால் மயிலாளால் மறுக்க முடியாது, அது அவள் உடம்பில் ஊறியது. கந்தவேலின் பக்கத்தில் தட்டில் சோறும், தூக்குப் போசி என்கிற தூக்குவாளியில் சாம்பாரும் வைத்தார்கள். பக்கத்து வீட்டு மருதாளிடம் ஒரு காதை இங்கே வைத்திருக்கச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள்.

மயிலாள் பனியன்களில் தொங்கிய நூல் பிசிறுகளை வெட்டுவதில் கெட்டிக்காரியாக இருந்தாள். கை வெட்டினாலும் வாய் மட்டும் தம்பியிடமே இருந்தது. தின்றிருப்பானா, விக்கியிருக்குமா, தண்ணீர் எட்டுமா என்று கேட்டுக்கொண்டே வந்தவள், "போசி மூடியத் தொறந்து வெச்சயா?" என்று கேட்டாள்.

முத்தாயியின் கையிலிருந்த பனியன் அப்படியே நின்றது.

அந்தப் போசியின் மூடி லேசுப்பட்டதல்ல. ஒரு கையால் போசியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு மறு கையால் திருகி இழுத்தால்தான் வரும். தினமும் அவளோ மயிலாளோ திறந்து ஊற்றுவார்கள். இன்று இரண்டு பேருமே மறந்துவிட்டார்கள்.

"அய்யோ, சோத்த எதுக்கால வெச்சுட்டு எந்தம்பி பட்டினி கெடக்கறானே!" என்று மயிலாள் தெருவெல்லாம் கேட்க ஓடினாள். முத்தாயி செருப்பு போடாமல் பின்னால் ஓடினாள்.

கந்தவேல் ஏப்பம் விட்டுக்கொண்டிருந்தான். தட்டு காலி. வலது கையில் மணிக்கட்டு வரைக்கும் சாம்பார்.

"முருகா, கண்ணத் தொறந்துட்டயே!" என்று மயிலாள் கைகூப்பினாள்.

முத்தாயி கூப்பவில்லை. அந்த வலது கையைப் பிடித்து, செக்கிங் மேஜையில் பனியனைத் திருப்புவதுபோல் திருப்பிப் பார்த்தாள். உள்ளங்கையிலும் புறங்கையிலும் சாம்பார் ஒரே சீராக இருந்தது. சோறு தின்ற கை அப்படி இருக்காது. பிறகு இடது கையை எடுத்தாள். சுத்தமாகத் துடைத்திருந்தது. ஆனால் கட்டைவிரல் நகத்துக்குள் ஒரு கடுகு இருந்தது.

"பீச்சாங்கையில தின்னுபோட்டு, சோத்தாங்கையச் சாம்பார்ல முக்கி வெச்சிருக்கறீங்க."

கந்தவேல் மேலே பார்த்தான். மின்விசிறி நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

"கை வரோணும்னு ஊர் வாயி பூராத்தையும் வாங்கிக் கட்டீட்டு நிக்கறேனுங்க. எனக்கே டேமேஜ் பீஸத் தள்ளி உடப் பாக்கறீங்களா?" என்று முத்தாயி கத்தினாள். அதே வேகத்தில் எச்சில் தட்டை எடுத்தாள், போசியை எடுத்தாள், கவிழ்ந்து கிடந்த மூடியை எடுத்தாள். எடுத்தவள் நின்றாள்.

"ஏனுங்க, இத ஆரு தொறந்தது?"

"நாந்தான்."

"மருதாள் வந்தாளுங்களா?"

"ஆரும் வல்ல. பசிச்சுது, தொறந்தேன்."

"மூடிய எந்தக் கையில திருகுனீங்க?"

"இந்தக் கையிலதான்" என்று கடுப்போடு இடது கையைக் காட்டினான்.

"அப்ப போசிய எது புடிச்சுது?"

கந்தவேல் காட்டிய இடது கையை இறக்கினான். சாம்பார் பூசிய தன் வலது கையை, வேறு யாரோ மடியில் வைத்துவிட்டுப் போன பொருளைப் போலக் குனிந்து பார்த்தான்.

முத்தாயி மூடியைத் திரும்பப் போட்டு, போசியை அவன் முன் வைத்தாள். வலது கை நகர்ந்து போய்ப் போசி மேல் உட்கார்ந்தது. விரல்கள் இறுக மாட்டேன் என்றன. இடது கை திருக, போசியும் கூடச் சேர்ந்து சுற்றியது. மறுபடி முயன்றான். மறுபடியும் சுற்றியது. அவன் நெற்றி வேர்த்தது. மயிலாளின் கை பழக்க தோஷத்தில் போசியை நோக்கி நீண்டது. பாதி வழியில் நின்றது. பிறகு அவள் அந்தக் கையைப் பின்னால் இழுத்து முந்தானைக்குள் சுற்றிக்கொண்டாள்.

"இப்ப வல்ல" என்றான் கந்தவேல். அவன் கண் கலங்கியிருந்தது.

"இப்ப பசியில்லயல்லோ சாமி" என்றாள் மயிலாள்.

மறுநாள் காலை மயிலாளே சாம்பாரை ஊற்றினாள். மூடியைப் போட்டாள். போசியைத் தரையில் வைத்து, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, உடம்பின் பாரத்தையெல்லாம் கொடுத்து மூடியை அழுத்தினாள்.

"அக்கா, அதத் தொறந்து வெச்சுட்டுப் போ" என்றான் கந்தவேல்.

"நேரமாச்சு சாமி. ஷிப்மெண்ட்டு."

செருப்பை மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள். தெரு முனை வரை திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு தடவை திரும்பினால் போதும், ஓடிப்போய்த் திறந்துவிடுவாள் என்று முத்தாயிக்குத் தெரியும். அதனால் யூனிட் வாசல் வருகிற வரைக்கும் நாத்தனாரின் கையை விடாமல் பிடித்துக்கொண்டே நடந்தாள்.