மேகம் மூடினால் வியர்க்கும் சுவர்

மழை இல்லை. பக்கத்தில் குழாய் இல்லை. கூரையில் ஓட்டை இல்லை. ஆனாலும் மேகம் மூடினால் போதும், எங்கள் பழைய மாட்டுத் தொழுவத்தின் வடக்குச் சுவர் வியர்க்கத் தொடங்கிவிடும். அதுவும் என் இடுப்பு உயரம் வரைதான். அதற்கு மேலே காய்ந்தே கிடக்கும். மற்ற மூன்று சுவர்களுக்கும் ஒரு குறையும் இல்லை.

தொழுவம் என்ற சொல்லையே எடுக்கக் கூடாது என்று அக்கா கட்டளை போட்டிருந்தாள். மாடுகளை விற்ற பிறகு நாங்கள் இருவரும் சேர்ந்து எடுத்த முடிவு அது: உள்ளே தேநீர் மேசைகள், வாசல் பக்கம் ரொட்டியும் ஜாமும் விற்கும் கடை, வைக்கோல் பரணில் தங்க வருகிறவர்களுக்கு அறை. அந்த அறையில் இப்போதைக்கு அக்காதான் படுத்திருந்தாள். ஒரே ஒரு பெட்டியோடு கணவன் வீட்டிலிருந்து வந்தவள்.

"இது ஓடலைன்னா எனக்குப் போக அந்த வீடு ஒண்ணுதான்டி இருக்கு" என்றாள். அந்த வீட்டில்தான் அவள் மணிக்கட்டு முறிந்தது. தானாக முறியவில்லை.

சுகாதார ஆய்வாளர் வந்தார். சுவரில் விரலை வைத்தார், பிறகு அந்த விரலை மோந்து பார்த்தார். "சாப்பிடற இடத்துல இந்த வாடை ஆகாதும்மா. அடுத்த தடவையும் இப்படியே இருந்தா அனுமதி கிடையாது."

கொத்தனார் முதலில் சிமெண்ட் பூசினார். அது உப்பி விழுந்தது. தண்ணீர் புகாத பெயிண்ட் அடித்தார். அது கொப்புளம் கட்டி உரிந்தது.

"மூணாவதா என்ன பூசப் போறீங்க, கொத்தனாரே?" என்று அக்கா கேட்டாள்.

"என்னம்மா பண்றது, சுவர் அழுதா நான் துடைச்சுத்தானே விட முடியும்?"

"துடைக்க எங்கிட்டயே துணி இருக்கு. உங்களுக்கு எதுக்குக் கூலி?"

அவர் சிரித்துக்கொண்டே போனார், மறுபடி வரவில்லை. வாடை வரும்போதெல்லாம் நான் ரப்பர் குழாயை எடுத்து அந்தச் சுவரை நன்றாகக் கழுவிவிட்டேன். பால் கறந்த காலத்திலிருந்து இந்தக் கைக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான். கழுவக் கழுவ ஈரம் கூடியது.

ஒரு மந்தாரமான காலையில் அக்காவின் பெட்டி பரணிலிருந்து வாசலுக்கு வந்திருந்தது.

"அவருக்குப் போன் பண்ணிட்டேன். சனிக்கிழமை வந்து கூட்டிட்டுப் போறாராம்."

அவள் எதுவும் நடக்காதது போல மாவுக்கு உப்பு எடுக்கப் போனாள். "ஜாடியை மூடி வைன்னு எத்தனை தடவைடி சொல்றது? பாரு, உப்பெல்லாம் சதசதன்னு ஆயிடுச்சு."

நான் ஜாடியையே பார்த்தேன். அதில் யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. காற்றிலிருந்த ஈரத்தை உப்பே இழுத்துக்கொண்டிருந்தது. மேகம் மூடிய நாளில்!

அப்போதுதான் மாடுகள் நினைவுக்கு வந்தன. அவிழ்த்துவிட்டால் தண்ணீர்த்தொட்டிக்குக்கூடப் போகாமல், நேரே வடக்குச் சுவரைத்தான் நக்கும். கட்டியிருக்கும்போது தலை தெற்கே தீவனத்தொட்டியில், வால் வடக்கே. மூத்திரம் ஓடும் கால்வாய் அந்தச் சுவரோரம். தெறிப்பது என் இடுப்பு உயரம்.

ஓடிப்போய்ச் சுவரில் நாக்கை வைத்தேன்.

"சீ! பைத்தியமாடி உனக்கு?"

"உப்புக்கா! சுவர் முழுக்க உப்பு!"

செங்கல் மூத்திரத்தைக் குடித்துக் குடித்து, அது உள்ளேயே உப்பாக மாறியிருக்கிறது. அந்த உப்பு ஈரத்தை இழுக்கிறது. சிமெண்ட் பூசினால் அதைத் தள்ளி விழவைக்கிறது. நான் கழுவியதோ உப்பைக் கரைத்து இன்னும் ஆழத்துக்கு அனுப்பியிருக்கிறது.

கதவளவு இடத்தில் பூச்சை உரித்தேன். உலர்ந்த தூரிகையால் வெள்ளைத் தூளைத் தள்ளினேன். காயும்போது சுவருக்குள்ளிருக்கும் உப்பை வெளியே உறிஞ்சட்டும் என்று, களிமண்ணையும் ஊறவைத்த காகிதக் கூழையும் பிசைந்து கனமாக அப்பினேன். அக்கா மின்விசிறியை அந்தப் பக்கம் திருப்பி வைத்தாள். பெட்டியை மட்டும் வாசலிலிருந்து எடுக்கவில்லை. அப்பிய களிமண் காய்ந்ததும் உரித்தால் அதன் முதுகெல்லாம் உப்புப் பூத்திருந்தது. மறுபடி புதிது அப்பினோம். சனிக்கிழமைக்குள் காய வேண்டுமே என்று மின்விசிறியை நான் அணைக்கவே இல்லை; வெள்ளிக்கிழமை இரவு அதையும் உரித்தெடுத்தேன்.

சனிக்கிழமை விடிந்ததும் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. சுவர் வியர்த்தது. அந்தக் கதவளவு இடத்தைத் தவிர.

அக்கா உள்ளங்கையை அங்கே வைத்து, எடுக்காமல் நின்றாள்.

"என் போன் எங்கடி? அவர் கிளம்பறதுக்கு முன்னாடி வர வேண்டாம்னு சொல்லணும்."

செய்ய வேண்டியது இவ்வளவுதான்: சுவரைக் கழுவவும் கூடாது, அடைக்கவும் கூடாது. பூச்சை முழுக்க உரித்து, களிமண்ணும் காகிதக் கூழும் அப்பிக் காயவைத்து, உப்புப் பூப்பது நிற்கும்வரை திரும்பத் திரும்ப உரிக்க வேண்டும். பிறகு வெறும் சுண்ணாம்புக் காரை பூசி, ரொட்டி அலமாரிகளைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைக்க வேண்டும்.