லேக் வியூ நகருக்கு ஒரு படகு

பூவராகனின் அகராதியில் ஏரி என்று ஒரு சொல்லே கிடையாது. தண்ணீர் நின்றால் லேக் வியூ, வற்றினால் வீட்டு மனை. மேற்குத் தாம்பரத்தில் மாடியில் ஆபீஸ். வாசலில் ஏரிக்குள் மண் கொட்டுகிற சொந்த லாரி. உள்ளே ஒரு கம்ப்யூட்டர், அதன் முன்னால் தனசேகர். கம்பெனி வெப்சைட்டைத் தேடலில் முதல் இடத்துக்குக் கொண்டுவருவது அவன் உத்தியோகம்.

சேர்ந்த அன்றே பூவராகன் கேட்டார். "இந்த மெட்டா டேக்னா இன்னாடா?"

"பக்கத்தைப் பாக்கறவங்க கண்ணுக்குத் தெரியாதுண்ணா. தேடற மெஷினுக்கு மட்டும், எங்கிட்ட இன்னின்ன சரக்கு இருக்குன்னு சொல்ற எடம். அங்க போடற வார்த்தைதான் கீவேர்டு."

"சரக்கு இல்லன்னா?"

"போடக் கூடாது."

"எவன் வந்து பாக்கப் போறான்?"

அது 2005. தீபாவளிக்கு முந்தின மழையில் தாம்பரத்தைச் சுற்றிப் பாதி நகர்கள் மிதந்தன. மழை விட்டதும் பூவராகன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"ஜனங்க இப்ப இன்னா தேடறாங்க?"

"வெள்ளம், படகு, மீட்பு, உதவி போன் நம்பர்..."

"எல்லாத்தையும் போடு."

"அண்ணா, நம்மகிட்ட படகு இல்லியே."

"தண்ணிக்குப் பயந்தவன்தான்டா மேட்டுல மனை வாங்குவான். போடு."

தனசேகர் போட்டான். கீவேர்டில் போட்டது பத்தாதென்று பக்கத்தின் அடியில், வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தாகவும் படகு படகு என்று அடித்து வைத்தான். அவனுக்கே கூசியது. வேறு வேலை கிடைக்காததை நினைத்ததும் கூச்சம் அடங்கிவிட்டது.

டிசம்பரில் மழை திரும்பி வந்தது. அதற்குள் மெஷின் நம்பிவிட்டிருந்தது. தாம்பரம், வெள்ளம், படகு என்று யார் இங்கிலீஷில் தட்டினாலும் முதலில் வந்து நின்றது பூவராகன் புரமோட்டர்ஸ்.

காலையில் போன் அடித்தது.

"படகு சர்வீஸா? நான் ஷர்மிளா, அமெரிக்காவிலேர்ந்து பேசறேன். எங்கப்பா அசரியாவும் அம்மாவும் மொட்டை மாடியில மாட்டிக்கிட்டிருக்காங்க. அப்பாவுக்கு இன்சுலின் தீர்ந்துபோச்சு. இப்ப செல்லும் செத்துடுச்சு. கவர்மென்ட் நம்பர் எல்லாமே எங்கேஜ்டு. நெட்ல நீங்கதான் ஃபர்ஸ்ட் வந்தீங்க, ப்ளீஸ்..."

"எந்த ஏரியா மேடம்?"

"லேக் வியூ நகர், மூணாவது தெரு."

தனசேகருக்குக் காது சுட்டது. அந்த நகரை விற்றதே இந்த ஆபீஸ்தான். ரிசீவரைப் பொத்திக்கொண்டு விஷயத்தைச் சொன்னான்.

பூவராகன் வடையை மென்றபடியே சொன்னார். "அமெரிக்காவா? பெருங்களத்தூர்ல மூணாவது மாடி ஃபிளாட்டு ஒண்ணு காலியா கீதுன்னு சொல்லு. தண்ணியே வராது."

தனசேகருக்கு உச்சந்தலை வரைக்கும் பற்றிக்கொண்டு வந்தது. கோபத்தில் பாதி அந்த வடை மேல். மீதி, படகு படகு என்று தட்டிய தன் விரல்கள் மேல்.

"மேடம், படகு வருது," என்று சொல்லி நம்பர் வாங்கிக்கொண்டு கீழே ஓடினான்.

படிக்கட்டடியில் கருவாட்டுக் கூடையோடு ஒதுங்கியிருந்தாள் கோவளத்து முத்தாலம்மாள். தினமும் அந்த வாசலில்தான் மீன் விற்பாள்.

"யக்கா, உன் புள்ளைங்க படகு சும்மாதானே கீது?"

"மழைன்னு கடல்ல எறங்க வுடல. நீ வேற வயித்தெரிச்சலைக் கெளப்பாத."

"கடலுக்கு இல்ல. நம்ம ஏரிக்கு."

"அதத்தான் உங்க மொதலாளி கூறு போட்டு வித்துட்டாரே."

"தண்ணி வந்து திருப்பி வாங்கிக்கிச்சுக்கா. மாடியில ரெண்டு பெருசுங்க மாட்டிக்கினு கீதுங்க."

முத்தாலம்மாள் சிரிக்கவில்லை. முந்தானையில் முடிந்திருந்த செல்லை எடுத்துப் பெரிய மகனை அழைத்தாள். "படகு ஏத்த வண்டி?" என்று தனசேகரிடம் கேட்டாள்.

வண்டி வாசலிலேயே நின்றது. "அண்ணன் போகச் சொல்லிட்டாரு," என்று லாரி டிரைவரிடம் கூசாமல் பொய் சொன்னான் தனசேகர். அந்தக் கம்பெனியில் கற்ற தொழில் முதல் முறையாக உருப்படியாகப் பயன்பட்டது.

மேலே வந்தவன் பூவராகன் கண்ணில் படாமல் வெப்சைட்டைத் திறந்தான். மனைப் படங்களைத் தூக்கினான். வெள்ளையாக ஒளிந்திருந்த எழுத்தைக் கறுப்பாக்கிப் பெரிதாக்கி மேலே ஏற்றினான்: படகு இருக்கிறது. கீழே ஆபீஸ் போன் நம்பர்.

மத்தியானம் லாரி திரும்பியது. சொட்டச் சொட்ட அசரியாவும் அவர் மனைவியும் மேலே வந்தார்கள். பின்னாலேயே முத்தாலம்மாளின் பெரிய மகன், கையில் துடுப்போடு. கீழே மருந்துக் கடையில் ஊசி போட்டாகிவிட்டது. தனசேகர் ஷர்மிளாவைப் பிடித்து ரிசீவரை நீட்டினான். "அழாதம்மா, உசுரோடதான் பேசறேன்," என்றார் அசரியா.

போனை வைத்தபின் சுவரிலிருந்த லேக் வியூ நகர் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சார், இந்தப் படத்துல தண்ணி ரொம்பக் கம்மியா இருக்கு."

பூவராகனுக்குக் கோபம்தான் வந்தது. கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். திரையில் மனைகளைக் காணோம்.

"எங்கடா என் பிளாட்டெல்லாம்?"

"கீவேர்டுல போட்டதைப் பக்கத்துலயும் போட்டேன்ணா. இப்பதான் ரெண்டும் ஒண்ணாச்சு."

"எடுடா அதை!"

"எடுக்க முடியாது. ஏரியை வித்தீங்க. அதுல முழுகறவனுக்கு மறுபடியும் மனை விக்கறீங்க. வாய்ல வடை வேற."

"வெளிய போடா நாயே!"

தனசேகர் குடையைக்கூட எடுக்காமல் இறங்கினான். பாதிப் படியில் இருந்தபோது மேலே போன் அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. அந்தப் பக்கத்தை எப்படி எடுப்பதென்று மேலே யாருக்கும் தெரியாது. முத்தாலம்மாளின் மகனும் அங்கிருந்து நகரவில்லை. துடுப்பைத் தரையில் ஒரு தட்டுத் தட்டினான்.

பூவராகன் ரிசீவரை எடுத்தார்.

"ஹலோ... இன்னாது, படகா?"

தரையில் இன்னொரு தட்டு.

"கீது, கீது," என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. "எந்தத் தெரு?"