பன்னிரண்டாவது சுவர்

1

இந்தக் கதை கட்டுரையாகப் பிறந்திருக்க வேண்டியது. ஒரு பத்திரிகை ஆசிரியர் கூப்பிட்டு, தனியாகத் தொழில் செய்யும் கலைஞர்கள் தங்கள் கலையை வைத்தே நிலையாகப் பிழைப்பது எப்படி என்று பத்து வழிகள் எழுதித் தரச் சொன்னார். பத்தா என்று கேட்டேன். பத்து இருந்தால்தான் வாசகர் நம்புவார் என்றார். இருபது வருடமாக எழுதியும் அண்ணன் வீட்டு மாடி அறையில் வாடகை கொடுக்காமல் ஒட்டிக்கொண்டிருக்கும் என்னிடம் போய் இதைக் கேட்கிறாரே என்று சிரிப்பு வந்தது. ஆனாலும் சரி என்று சொல்லிவிட்டேன். முதலில் சரி சொல்லிவிட்டுப் பிறகு விழிப்பது எனக்குப் பழக்கம்.

வழி ஒன்று: உங்கள் தனித்தன்மையைக் கண்டுபிடியுங்கள். (யார் கண்டுபிடித்துக் கொடுப்பது? அடித்துவிட்டேன்.)

வழி இரண்டு: தினமும் நான்கு பேரிடம் உங்கள் வேலையைப் பற்றிப் பேசுங்கள். (என் அண்ணி பேசினார். நான்கு பேரும் "வீட்டுல கேட்டுச் சொல்றோம்" என்றார்கள். இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.)

வழி மூன்று: பல் வலிக்கிறது என்று பொய் சொல்லி உள்ளே நுழையுங்கள்.

இதை எழுதியதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். இது கட்டுரைக்குள் அடங்காது என்று அப்போதே தெரிந்துபோயிற்று.

2

கதையென்றால் எங்கே தொடங்குவது? மூன்று தொடக்கங்கள் எழுதினேன். உருப்படாதவற்றையும் கிழிக்காமல் வைத்திருக்கிறேன், நீங்களே பாருங்கள்.

மாலை வெயில் ஜன்னல் வழியே வந்து கேன்வாஸின் மேல் விழுந்தபோது, அவள் தன் தூரிகையை— (அண்ணி படம் வரைவது சமையலறையில். ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி. வெயிலாவது ஒன்றாவது.)

கலை என்பது யாதெனில்— (மன்னித்துக்கொள்ளுங்கள்.)

அண்ணிக்கு வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி வரை நேரம் இருந்தது.

இது பரவாயில்லை. இதிலிருந்தே போகலாம்.

அண்ணி ஒன்பது வருடம் ஒரு டைல்ஸ் கம்பெனியில் வேலை பார்த்தார். குளியலறைச் சுவரின் நடுவே ஒரு கொடி ஓடுமே, இலை, மொட்டு, இலை, மொட்டு என்று? அதை வரைந்தது அவர்தான். உங்கள் வீட்டிலேயே இருக்கலாம், அடுத்த முறை பல் தேய்க்கும்போது பாருங்கள். ஒரு நாள், இனி என் படத்தை நானே வரைகிறேன் என்று எழுந்து வந்துவிட்டார். மேலாளர் நல்ல மனிதர். ஒரு வருடம் வரை அந்த நாற்காலியை யாருக்கும் தர மாட்டேன், வருடம் முடிகிற வெள்ளிக்கிழமை சரியாக ஐந்து மணிக்கு போன் செய்வேன், வருகிறேன் என்றோ வரவில்லை என்றோ சொல்லுங்கள் என்றார்.

நாற்காலி காத்திருக்கிறது என்றால் நிம்மதிதானே என்று நான் நினைத்தேன். ஒரு நாள் தூரிகைகளைக் கழுவிக்கொண்டே அண்ணி சொன்னார்: "இப்ப போனேன்னா அவ்வளவுதான். இன்னொரு தடவை எந்திரிச்சு வர்ற தைரியம் எனக்குக் கிடையாது."

இந்தக் கதையில் பணயம் வைக்கப்பட்டிருப்பது அதுதான். வேறொன்றும் இல்லை.

3

அந்த ஒரு வருடத்தில் அண்ணி பதினான்கு படங்கள் விற்றார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் படம் வாங்குகிறவர் ஒரு முறைதான் வாங்குகிறார். ஆணி அடித்து மாட்டுகிறார், வருகிறவர் போகிறவரிடம் காட்டுகிறார், அதோடு சரி. அந்தக் கதவு மூடிக்கொள்கிறது. அடுத்த மாதம் இன்னொரு கதவைத் தேடி அலைய வேண்டும். வரைகிற நேரத்தைவிட வாங்குகிறவரைத் தேடுகிற நேரம் அதிகமாகிவிட்டது. இந்த அலைச்சலைத்தான் கட்டுரையில் 'சந்தைப்படுத்துதல்' என்று கௌரவமாக எழுதுவோம்.

போதாக்குறைக்கு அண்ணிக்கு ஒரு வியாதி. விற்ற படத்தை மறக்க மாட்டார். சாப்பிட்டுக்கொண்டே இருப்பார், திடீரென்று கை நிற்கும். "அந்த பஸ்ஸு ரொம்பச் சின்னதாயிடுச்சு" என்பார். எந்த பஸ் என்று அண்ணனும் நானும் கேட்பதில்லை. கேட்டால் சாப்பாடு ஆறிவிடும்.

அது ஒரு பல் டாக்டர் வாங்கிய படத்தில் இருந்த பஸ். மழை விட்ட ஒரு பஸ் நிறுத்தம், பெஞ்சில் ஐந்து பேர், தெருக்கோடியில் கடுகு போல ஒரு பஸ். டாக்டர் அதைத் தம் கிளினிக்கில் நோயாளிகள் காத்திருக்கும் அறையில் மாட்டியிருந்தார்.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு நாள் அண்ணி அங்கே கிளம்பிப் போனார். நான் விற்ற படத்தில் தப்பு இருக்கிறது, திருத்த வேண்டும் என்று எந்த முகத்தோடு சொல்வது? பல் வலி என்று சொன்னார். கைப்பையில் மூக்குக்கண்ணாடிக் கூடு, அதற்குள் இரண்டு தூரிகை. மாத்திரை டப்பாவில் மூன்று வண்ணம். அறையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து எழுந்து, பஸ்ஸை இத்துனூண்டு பெரிதாக்கிவிட்டு, தம் முறை வந்ததும் உள்ளே போய் வாயைத் திறந்தார். பல்லில் ஒன்றுமே இல்லையே என்றார் டாக்டர். அதற்கும் கட்டணம் கட்டிவிட்டு வீடு வந்தார்.*

இரண்டு மாதம் கழித்து மறுபடியும் பஸ் சின்னதாகத் தெரிந்தது. மறுபடியும் பல் வலி.

* தன் படத்தைத் திருத்துவதற்குத் தானே காசு கொடுப்பது எப்படி நிலையான தொழிலாகும் என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. கொஞ்சம் பொறுங்கள்.

4

மூன்றாவது முறை கையும் களவுமாக மாட்டிக்கொண்டார்.

டாக்டர் சட்டென்று வெளியே வந்து, முகக்கவசத்தைக் கீழே இறக்கி, ஆழ்ந்த குரலில்— (அண்ணி இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு, டாக்டர் வெளியிலேயே வர மாட்டார், பிடித்தது வரவேற்பு மேசையில் இருக்கும் அம்மா என்றார். டாக்டருக்காக நான் யோசித்து வைத்திருந்த அருமையான வசனம் வீணாய்ப் போயிற்று. அது என்ன என்று கேட்காதீர்கள், மனசு ஆறவில்லை.)

அந்த அம்மா பின்னால் வந்து நின்றதே அண்ணிக்குத் தெரியவில்லை. திரும்பிப் பார்த்ததும் தூரிகையை எங்கே ஒளிப்பதென்று தெரியாமல் வாய்க்குள் வைத்துக்கொண்டாராம். கிளினிக் என்பதால் பொருத்தமாக இருக்கும் என்று தோன்றியதாம். பிறகு அசடு வழிய உண்மையைச் சொன்னார்.

"நீங்கதானா அது?" என்று அந்த அம்மா உட்கார்ந்துவிட்டார். "பஸ்ஸு கிட்ட வந்துக்கிட்டே இருக்குன்னு நான் சொன்னா, எனக்குக் கண்ணு சரியில்லைன்னு டாக்டர் சொல்றார்."

விஷயம் என்னவென்றால், நோயாளிகளும் பார்த்துவிட்டிருந்தார்கள். பஸ் எப்போது வரும் என்று பந்தயமே நடந்துகொண்டிருந்தது. பெஞ்சில் மூன்றாவதாக இருப்பவர் பஸ் வந்தாலும் ஏற மாட்டார் என்று ஒரு கட்சி. பல்லைக் காட்டுவதை ஆறு மாதம் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தவர்கள்கூட, பஸ் எதுவரை வந்திருக்கிறது என்று பார்க்கவாவது நேரத்துக்கு வந்து உட்கார்ந்தார்கள். அதனால் டாக்டரிடம் தானே பேசுவதாகவும், இனி திருடி மாதிரி வர வேண்டாம், மூன்று மாதத்துக்கு ஒரு முறை முறையாக வந்து வரைந்துவிட்டு, முறையாகச் சம்பளம் வாங்கிக்கொண்டு போகலாம் என்றும் அந்த அம்மா சொன்னார். ஒரே ஒரு நிபந்தனை.

"பஸ் மட்டும் வந்து சேர்ந்துடக் கூடாது. வந்துட்டா அஞ்சு பேரும் ஏறிப் போயிடுவாங்க. அப்புறம் நான் நாள் பூரா யார்கூட உக்காந்திருக்கறது?"

5

அண்ணி வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் இதையெல்லாம் சொல்லி முடித்தபோது, அண்ணன் ஒற்றைக் காலுறையோடு இன்னொரு காலுறையைத் தேடிக்கொண்டிருந்தான். அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். வீட்டில் செல்லப் பெயர் மேல்கீழ்.

(அவனை ஜன்னல் ஓரம் நிறுத்தி, தூரத்தைப் பார்த்தபடி பேசவைக்க ஆசைப்பட்டேன். அவன் தூரத்தையெல்லாம் பார்க்கிற ஆளில்லை. கட்டிலுக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டுதான் சொன்னான்.)

"நான் என்னைக்காவது லிஃப்ட் வித்திருக்கேனா? வித்தவன் வித்துட்டுப் போயிட்டான். நான் போய்ப் போய்ப் பாக்கறேன். அதுலதான் இந்த வீடு ஓடுது. நீயும் சொல்லிட்டே போய்ப் பாரேன். எதுக்குப் பல்லைக் காட்டிட்டுத் திரியறே?"

அண்ணி அப்போதுதான் செருப்பைக் கழற்றினார். பிறகு, எத்தனை இடம் இருந்தால் போதும் என்று கேட்டார். அண்ணன் கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வந்தான். அவனும் ஒரு காலத்தில் லிஃப்ட் கம்பெனி ஒன்றை விட்டு வந்தவன்தான். பதினொரு கட்டிடங்கள் கையில் இருந்தபோது தூக்கம் வரவில்லை, பன்னிரண்டாவது கட்டிடம் வந்த அன்று படுத்தவுடன் தூங்கிவிட்டேன், அதனால் பன்னிரண்டு என்றான். இதற்குப் பொருளாதார ஆதாரம் ஏதும் இல்லை. ஆனால் ஆசிரியர் கேட்ட பத்துக்கும்தான் இல்லை.

அன்றைக்கு வெள்ளிக்கிழமைக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது.

6

ஒப்பந்தம் வேண்டுமே? அண்ணனுடைய லிஃப்ட் பராமரிப்புப் படிவத்தையே எடுத்து, 'லிஃப்ட்' என்ற இடத்தில் எல்லாம் 'படம்' என்று அண்ணி எழுதினார். படித்துப் பார்த்து மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

'மூன்று மாதத்துக்கு ஒரு முறை படம் சோதிக்கப்படும். படம் பாதியில் நின்றுபோனால் இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் வருவோம். படத்துக்குள் அளவுக்கு அதிகமானோர் ஏற வேண்டாம்.'

மாற்ற வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றார் அண்ணி. படம் வாங்கிய பதினான்கு பேரையும் தேடிப் புறப்பட்டார். தையல் கடை நடத்தும் தம்பதி தங்கள் கடல் படத்தில் படகு கரைக்கு வருமா என்று கேட்டார்கள். மெதுவாக வரும் என்றார். ஒரு வக்கீல் வீட்டுப் படத்தில் அடுக்குமாடிக் கட்டிடம். ஒவ்வொரு முறையும் ஒரு ஜன்னலில் விளக்கு எரியும் என்றதும், முதலில் எந்த ஜன்னல் என்று அவர் மகள்கள் சண்டை போட்டுக்கொண்டார்கள்.

எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள் என்று எழுதினால் நன்றாக இருக்கும். ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் போடவில்லை. "நான் வாங்கினது அன்னைக்கு இருந்த படத்தைம்மா. அதுல கை வைக்காதீங்க" என்று படத்துக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். அவர் சொன்னதும் நியாயம்தானே என்று அண்ணி சொல்லிக்கொண்டே வந்தார். என் கட்டுரைக்கு இது உதவாது. ஆனாலும் நடந்ததை எப்படி மறைப்பது?

இன்னொருவர் ஊரை விட்டுப் போய்விட்டார். மற்றொருவர் படத்தை யாருக்கோ கல்யாணப் பரிசாகக் கொடுத்துவிட்டு, யாருக்கென்று சொல்ல மறுத்தார்.

ஆக, பதினொன்று. தூக்கம் வராத எண்.

7

இனி முடிவு. நான் மூன்று தயாரித்தேன்.

முதல் முடிவில் டைல்ஸ் கம்பெனி மேலாளரே பன்னிரண்டாவது ஆளாகக் கையெழுத்துப் போடுகிறார். ஆசிரியர் கண் கலங்கியிருப்பார். ஆனால் அந்த மேலாளர் வீட்டில் எல்லாச் சுவரிலும் டைல்ஸ். ஆணி இறங்காது.

இரண்டாவதில் அண்ணி திங்கட்கிழமை வேலைக்குத் திரும்புகிறார். கொடி வரைகிறார், இலை, மொட்டு, இலை, மொட்டு, யாருக்கும் தெரியாமல் ஓர் இலைக்கு அடியில் கடுகளவு பஸ். இதை எழுதிவிட்டு நானே மூக்கை உறிஞ்சினேன். அண்ணி படித்தார்.

"நல்லா இருக்கு. ஆனா இது நான் இல்ல, நீ."

சுருக்கென்றது. ஆசிரியர் எதைக் கேட்டாலும் சரி சொல்லிவிட்டு, அதில் ஓரமாக ஒரு வரி எனக்குப் பிடித்த மாதிரி ஒளித்துவைப்பது யார் வேலை என்று எனக்குத் தெரியாதா? அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன். கிழித்ததில் இவ்வளவுதான் மிச்சம்.

மூன்றாவதில் பன்னிரண்டாவது கையெழுத்து என்னுடையது. அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. மாடி அறைச் சுவர் நம் சுவர், சொந்த வீட்டு லிஃப்டைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்றான். எழுத்தாளரம்மா முதலில் ஒரு சுவரைச் சம்பாதிக்கட்டும் என்றும் சேர்த்துக்கொண்டான். இருக்கட்டும், பிறகு ஒரு கை பார்த்துக்கொள்கிறேன்.

8

இப்போது வெள்ளிக்கிழமை. ஐந்து மணிக்குக் கொஞ்சம் முன்னால்.

அண்ணி வீட்டில் இல்லை. கிளினிக்கில் முதல் அதிகாரபூர்வமான வேலை. வண்ணப்பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு, பல் வலி இல்லாமல், முன்வாசல் வழியாகவே போயிருக்கிறார். போகும்போது செல்போனை எடுத்துச் சாப்பாட்டு மேசையில் வைத்தார்.

"அஞ்சு மணிக்கு நான் பஸ்கிட்ட இருப்பேன். நீயே எடுத்துப் பேசிடு. பன்னெண்டு ஆயிடுச்சுன்னா, வரலைன்னு சொல்லு. ஆகலைன்னா..."

அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. அதை எழுதி முடிக்க எனக்கும் மனசில்லை.

மேசையில் பதினொரு படிவங்கள் இருக்கின்றன, கையெழுத்தோடு. பன்னிரண்டாவது வெறுமையாக இருக்கிறது. அண்ணன் இரண்டு கால்களிலும் காலுறை போட்டுக்கொண்டு, மேலும் போகாமல் கீழும் வராமல் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருக்கிறான். ஆசிரியருக்கு என்னிடம் பத்து வழிகள் இல்லை. ஒன்றுதான் இருக்கிறது: விற்றுவிட்டுத் திரும்பி வராமல் இருக்காதீர்கள்.

நீங்கள் இதுவரை படித்துவிட்டீர்கள். எங்களுக்குச் சொந்தமும் இல்லை, அதனால் அண்ணன் உங்களைக் கணக்கில் சேர்த்துக்கொள்வான். மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒரு பெண்மணி வந்து மணியடிப்பார். சுவர் முன்னால் அரை மணி நேரம் நிற்பார். டீ கொடுத்தால் குடிப்பார், கொடுக்காவிட்டாலும் ஒன்றும் நினைக்க மாட்டார். அவர் போன பிறகு படத்தில் எது மாறியிருக்கிறது என்று வீட்டில் எல்லோரும் தேடுவீர்கள்.

இதை எந்தக் கிழமையில் படித்தாலும் இங்கே வெள்ளிக்கிழமை ஐந்து மணிதான். போன் அடிக்கத் தொடங்கிவிட்டது. மேலாளர்தான். அண்ணன் போனை எடுக்கக் கையை நீட்டுகிறான், நான் அந்தக் கையைப் பிடித்து வைத்திருக்கிறேன்.

உங்கள் வீட்டுச் சுவரில் ஓர் ஆணி அடிக்க இடம் இருக்கிறதா? சீக்கிரம் சொல்லுங்கள், நான் எடுக்க வேண்டும்.