சரோஜம்மாள் வீட்டில் நாளைய இரண்டரை மணி

கர்நாடக எல்லையோர ஜூஜுவாடியில் சரோஜம்மாள் வீட்டு டிவியில் மதியம் இரண்டரை மணித் தொடர் மட்டும் ஒரு நாள் முன்னதாக வந்துகொண்டிருந்தது. செவ்வாய்க்கிழமை பார்க்க வேண்டியதைத் திங்களன்றே பார்த்துவிடலாம். மற்றதெல்லாம் அந்தந்த நேரத்துக்குத்தான். நாளைய கிரிக்கெட் ஸ்கோருக்கு ஆசைப்பட்டு அத்திப்பள்ளியிலிருந்து ஸ்கூட்டரில் வந்த இரண்டு பேர் டீ குடித்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். தொடர் முந்தி வரும் காரணம் ஊரறிந்தது. சானமாவுக் காட்டிலிருந்து வழி தவறி வந்த யானை ஒன்று கொல்லையில் இருந்த டிஷ் கம்பத்தில் முதுகு சொறிந்துகொண்டு போனது. கம்பம் சாய்ந்து, டிஷ் கர்நாடகப் பக்கம் திரும்பிவிட்டது. எல்லை ஊர்க்காரர்கள் இதற்கெல்லாம் வாய் பிளப்பதில்லை. கன்னடத்தில் ஓடிய தொடரைப் பிறகு தமிழில் எடுப்பது வழக்கம் என்பதால், தமிழில் தாலி ஏறும்போதே கன்னடத்தில் விவாகரத்தைப் பார்த்து முடித்தவர்கள் அவர்கள். வருங்காலம் அந்தப் பக்கமிருந்துதான் வரும் என்பது அவர்களுக்குப் பழகிய சங்கதி. ஒரே குறை, அது பழைய பெட்டி டிவி. படத்தின் அடிப்பக்கம் இரண்டு விரற்கடை அளவு சட்டத்துக்குள் மறைந்துவிடும். கீழே ஓடும் செய்தி வரி அந்த வீட்டுக்கு ஒரு நாளும் வந்ததில்லை. ரோஜாத் தோட்டத்தில் பூக்கட்டு போடும் வேலை முடித்து ஒரு மணிக்கு வீடு திரும்பும் சரோஜம்மாள் அதைப் பற்றிக் கவலைப்பட்டதும் இல்லை.

அந்தத் தொடரின் பெயர் 'நேற்றைய மருமகள்'. வசனம் எழுதியவன் மாதேஸ்வரன். ஒன்பது வருஷம் ஓசூர் சிப்காட்டில் பிரேக் பாகங்களுக்கு அளவு பார்க்கும் குவாலிட்டி இன்ஸ்பெக்டராக இருந்தவன். காலப்பயணப் படம் எதற்குப் போனாலும் இடைவேளைக்குள் பிழையைப் பிடித்து, பக்கத்து சீட்டுக்காரரிடம் விளக்க ஆரம்பித்துவிடுவான். அவர் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விடுவார். பிழையே இல்லாமல் ஒன்று எழுதிக் காட்டுகிறேன் என்று வேலையை விட்டான். அதே கம்பெனியில் வேலை பார்க்கும் அவன் மனைவி மணிமேகலை ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "டிவியில உன் பேரு வர்ற வரைக்கும் எழுது. பேரு நின்னுச்சுன்னா மறுநாளே என்கூட கம்பெனி பஸ் ஏறிடணும்." இருநூற்றுப் பத்து எபிசோட் பேர் வந்தது. அதன் பிறகு கதை முட்டிக்கொண்டு நின்றது.

நின்ற இடம் இதுதான். மாமியார் கொடுமை தாங்காத கதாநாயகி ஒரு பழைய பீரோவுக்குள் புகுந்து இருபத்தைந்து வருஷம் பின்னால் போகிறாள், மாமியாரின் கல்யாணத்தையே நிறுத்திவிட. கல்யாணம் நின்றால் அவள் புருஷன் பிறக்க மாட்டான். புருஷன் இல்லையென்றால் மாமியார் இல்லை, கொடுமை இல்லை, பீரோவுக்குள் புக வேண்டிய அவசியமும் இல்லை. புகவில்லையென்றால் கல்யாணத்தை நிறுத்தியது யார்? திங்கட்கிழமைக்கான எபிசோடை மணப்பெண் அறை வாசலில் தொங்கவிட்டுவிட்டு, மாதேஸ்வரன் இரண்டு நாள் மொட்டைமாடியில் நடந்தான். தொடர் கம்பெனியிலிருந்து லாவண்யா போன் செய்தாள். "சார், திங்கக்கிழமை சாயங்காலத்துக்குள்ள சீன் வரலைன்னா வேற ஆள் பாத்துடுவாங்க. டைட்டில் கார்டுல பேரும் மாறிடும்." எடுத்து வைத்த எபிசோட் ஒன்றுகூட இல்லை, காலையில் எடுத்து மதியம் காட்டும் நிலைமை.

திங்கட்கிழமை மதியம் நோட்டோடு சரோஜம்மாள் வீட்டுக்குப் போனான். முதல் ஷிஃப்ட் முடித்த ஆட்களும் தெருப் பெண்களுமாக வாசல் வரைக்கும் கூட்டம். டிவியில் செவ்வாய்க்கிழமை ஓடியது. கதாநாயகி அறைக்குள் போகிறாள். உள்ளே மணப்பெண்ணே ஜன்னல் வழியாக ஓடத் தயாராக நிற்கிறாள். கதாநாயகிக்கு அப்போதுதான் உறைக்கிறது, இவள் ஓடினால் நம் புருஷன் பிறக்க மாட்டானே! கையைப் பிடித்து, கெஞ்சி, அழுது, அவளே மாமியாரை மணவறையில் உட்கார வைக்கிறாள். அடுத்த காட்சி இன்றைய வீடு. மாமியார் மருமகள் முகத்துக்கு நேராக விரலை நீட்டி ஏதோ சொல்ல, கூட்டம் போட்ட கூச்சலில் மாதேஸ்வரனுக்கு ஒன்றும் கேட்கவில்லை. "என்னங்க சொன்னா? என்ன சொன்னா?" என்று பதறினான். சரோஜம்மாள் புடவை முந்தானையை உதறிக்கொண்டு சொன்னாள். "'என்னை இந்த வீட்ல தள்ளுனவளே நீதானேடி! பொண்ணு பாக்க வந்த அன்னிக்கே உன் மூஞ்சியக் கண்டுக்கினேன்'னு சொன்னா."

மாதேஸ்வரன் அதை அப்படியே நோட்டில் குறித்துக்கொண்டான். மாமியார் ஏன் கொடுமை செய்தாள் என்பதற்கே இப்போதுதான் காரணம் கிடைத்திருந்தது. அளவு வைத்துப் பார்த்தால் ஒரு மைக்ரான் இடைவெளி இல்லை. எழுதி அனுப்பினான். மறுநாள் மதியம், சென்னை பங்களாவில் பட்டுப்புடவை கட்டிய மாமியார் "கண்டுக்கினேன்" என்று ஜூஜுவாடித் தமிழில் கத்த, மாநிலமே கைதட்டியது. ஆனால் இன்ஸ்பெக்டர் மனசு சும்மா இருக்கவில்லை. அவன் டிவியைப் பார்த்து எழுதினான். அவன் எழுதியதைப் பார்த்துத்தான் டிவிக்கு எடுத்தார்கள். அப்படியானால் இதை யோசித்தது யார்? எங்கே உருக்கினது, எங்கே வார்த்தது என்று தெரியாத, பேட்ச் நம்பர் இல்லாத சரக்கு. செவ்வாயன்று சோதனைக்காக ஒரு வார்த்தையை மாற்றி, "போயிட்டு வரேன்" என்பதை "போறேன்" என்று அனுப்பினான். நடிகை அங்கே தடுமாறி "போயிட்டு வரேன்" என்றே சொல்லிவிட்டாள். திரும்ப எடுக்க நேரமில்லாமல் அப்படியே போட்டுவிட்டார்கள். அந்த டிவியில் தெரிந்தது தெரிந்ததுதான் என்று தெருவே முடிவுக்கு வந்தது.

அதனால்தான் வியாழக்கிழமை மதியம், வெள்ளிக்கிழமைக்கான கார்டில் 'வசனம்: சரோஜம்மாள்' என்று வந்தபோது மாதேஸ்வரன் நோட்டை மூடி வைத்தான். கூட்டம் கூரை பிய்கிற மாதிரி கத்தியது.

"ஆபீசுக்குப் போன் போட்டீங்களா?" என்று அவன் சரோஜம்மாளிடம் கேட்டான்.

"நானா? உன் ஆபீசு எந்தத் திக்குல இருக்குன்னு எனக்குத் தெரியுமா? ஒண்ணு மட்டும் சொல்லிடறேன்பா. அன்னிக்கு அந்தச் சத்தத்துல எனக்கும் ஒண்ணும் கேக்கல. அவ இடத்துல நான் இருந்தா இப்படித்தான் கேட்டிருப்பேன்னு எடுத்து விட்டேன்."

மாதேஸ்வரன் அப்படியே தரையில் உட்கார்ந்தான். சுற்றிச் சுற்றி வந்த அந்தக் கதையில் சொந்தமாகப் பிறந்தது அந்த ஒரு வரிதான். அதற்குப் பேட்ச் நம்பர் கிடைத்துவிட்டது. அப்போதுதான் இன்னொன்றும் உறைத்தது. கார்டில் என்ன போட வேண்டும் என்று தினமும் எழுதி அனுப்புகிறவன் அவனேதான். அவள் பெயர் வரப்போகிறது என்றால், அதை அவன் கைதான் அனுப்பப்போகிறது. நாலு மணிக்குள் அனுப்ப வேண்டும். வெள்ளிக்கிழமை பேர் இல்லையென்றால் சனிக்கிழமை காலை பஸ். சரோஜம்மாள் பெயரை போனில் அடித்தான். அது நியாயமாகவும் இருந்தது. அதற்கு மேல் விரல் ஓடவில்லை.

டிவியில் அதற்குள் செய்தி ஆரம்பித்துவிட்டது. வாசலில் ஒருத்தி "கீழ என்னமோ ஓடுதே, ஒண்ணும் தெரியலையே" என்றாள். மாதேஸ்வரன் துள்ளி எழுந்தான். பழைய பழக்கத்தில் பையிலேயே கிடக்கும் ஸ்டீல் ஸ்கேலை எடுத்து, தன் போனில் அதே செய்தியை வைத்து அளந்தான், டிவியில் அளந்தான், கணக்குப் போட்டான், திரும்ப அளந்தான். மறைந்திருப்பது சரியாக இரண்டு விரற்கடை. கார்டில் ஒரு வரிக்கு ஒன்றரையே போதும். சரோஜம்மாள் பெயருக்குக் கீழே இன்னொரு வரி இருந்தாலும் இந்த டிவியில் தெரிந்திருக்காது. "இடம் இருக்கு! இடம் இருக்குங்க!" என்று அவன் போட்ட கூச்சலில் நெடுஞ்சாலையில் போன லாரி ஒன்று பிரேக் போட்டதாகச் சொல்கிறார்கள். சரோஜம்மாள் பெயருக்கு அடுத்த வரியில் தன் பெயரையும் அடித்து, மூன்று ஐம்பத்தாறுக்கு அனுப்பினான்.

வெள்ளிக்கிழமை இரண்டரை மணிக்குக் கம்பெனி கேன்டீன் டிவியில் மணிமேகலை இரண்டு வரியையும் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, தட்டில் மீதமிருந்த தயிர்சாதத்தைச் சாப்பிட்டு முடித்தாள். பஸ் பேச்சு அதற்குப் பிறகு எழவில்லை. தொடர் இன்னும் இரண்டு வருஷம் ஓடியது. மாதேஸ்வரன் தினமும் மதியம் வந்து எழுதிக்கொண்டு போனான். கேட்காத இடங்களைச் சரோஜம்மாள் சொன்னாள். கேட்ட இடங்களையும் பாதி நாள் அவளே சொன்னாள். கம்பத்தை நிமிர்த்தித் தருவதாக வந்த டிஷ்காரரைத் தெருக்காரர்கள் உள்ளே விடவில்லை.

அதன் பிறகு அந்த வீட்டு டிவியில் மட்டும் அவன் பெயர் ஒரு நாளும் தெரியவில்லை. "எல்லார் வீட்லயும் வருதாம், இங்க எங்கப்பா உன் பேரு?" என்று சரோஜம்மாள் கேட்டபோது, அவன் கண்ணாடிக்குக் கீழே இருந்த கறுப்புச் சட்டத்தில் விரலை வைத்து, "இங்கதாங்க" என்றான். வருகிறவர்களுக்கெல்லாம் அவளும் அந்த இடத்தைத் தொட்டுக் காட்டிக் காட்டி, அங்கே இப்போது பிளாஸ்டிக் தேய்ந்து வழவழவென்று இருக்கிறது.